கை காட்டாத பொம்மைகள்

அவர் ஓய்வு பெறுகிறாராம். பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சு. ஆளுக்கு நாலு வரி எழுத வேண்டும், சார் இருக்கிற படம் ஒன்று போட வேண்டும், எல்லாவற்றையும் புத்தகமாக அச்சடித்து அவர் கையில் கொடுக்கப்போகிறார்கள். 'எங்கள் வழிகாட்டி' என்கிறான் ஒருவன். 'சாரிடம் நான் கற்றது பொறுமை' என்கிறாள் இன்னொருத்தி. பொறுமையாம்! படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிகிறது. அவரைப் பற்றி நாலு வரியில் என்னால் சொல்ல முடியாது. நல்லதாகவும் சொல்ல முடியாது. அதனால் குழுவில் எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, கீழே மூக்குக்கண்ணாடிக் கடையும் நடுவில் டியூஷன் சென்டரும் இருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் சின்ன மின்சார வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்காக. சமையல்கூடத்திலிருந்து சாப்பாடு, சலவைக்கூடத்திலிருந்து துணி, இதையெல்லாம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அந்த வண்டி கொண்டுபோக வேண்டும். எப்போது திரும்புவது, எப்போது நிற்பது, எப்போது கிளம்புவது என்று அதுவே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எடுக்கிற ப்ரோகிராம் எங்கள் வேலை. அவர் தலைவர். நடந்துபோகிற மனிதர்கள் என் பொறுப்பு. மனிதர்கள் என்றால் கம்ப்யூட்டருக்குள் நடக்கிற மனிதர்கள்.

எடுத்த எடுப்பில் இப்படி ஒரு வண்டியை ரோட்டில் விட முடியாது இல்லையா? அதனால் அந்த வளாகத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தோம். அதே ரோடு, அதே திருப்பம், அதே கட்டடங்கள். அதற்குள் ஒரு பொம்மை வண்டி. குறுக்கே நடக்க மனிதப் பொம்மைகள். பொம்மை மேல் ஆயிரம் தடவை மோதினாலும் யாருக்கும் ரத்தம் வராது, வண்டியும் கற்றுக்கொள்ளும். இதுதான் சிமுலேஷன். சுருக்கமாக 'சிம்' என்போம். சிம் கார்டு விற்கிற கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் என் பெரியம்மா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

சிமுலேஷன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. நல்ல சிம் இல்லாமல் இந்த மாதிரி வண்டியைத் தெருவில் விடுகிறவர்களைத்தான் உள்ளே தள்ள வேண்டும். என் கோபமெல்லாம் அந்த மனுஷன் மேல்தான்.

"சிம்ல வருதா?"

எந்தப் பிரச்சினையோடு போய் நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தலை நிமிராமல் கேட்பார். வரவில்லை என்று சொன்னால், "சிம்ல வரலைன்னா அது இல்லம்மா" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஒரு கார்த்திகை மாதம். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கீழே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், டியூஷன் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டியின் லேசர் கண் மழையில் என்ன பார்க்கிறது என்று சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அவரிடம் ஓடினேன். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான் உட்காருவார், வெளிச்சம் திரையில் விழக் கூடாதாம்.

"நம்ம சிம்ல மழை இருக்கா?" என்றார். "இல்ல சார், சேக்கணும். அதுக்குத்தான் இன்னைக்கு வளாகத்துக்குப் போயி அளந்துட்டு…" என்று இழுத்தேன். "சிம்ல இல்லாததை எதுக்கும்மா அளக்கப்போற?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியை மழை அறைந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் அந்த ஏசியைக் குறை, குளிருது" என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார்.

வளாகத்துக்கு அவர் வருவதே அபூர்வம். வந்தாலும் பார்வையாளர் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே இருபது அடி தூரத்தில் வண்டி ஓடும். அவர் அதைத் திரையில் பார்ப்பார். நிஜத்துக்கும் திரைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், நாமெல்லாம் திரையைத்தானே சரிசெய்வோம்? அவர் நிஜத்தைச் சரிசெய்யச் சொல்வார். சலவைக்கூடத்துத் திருப்பத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. காற்றில் அதன் தாழ்ந்த கிளைகள் ஆடும்போதெல்லாம் வண்டி தடுமாறி நின்றது. எங்கள் சிம்மில் மரம் ஆடாது. ஆடுகிற மரத்தைச் சிம்மில் சேர்க்க ஒரு வாரம் கேட்டேன். அவர் வளாகத்துக்கு ஒரு மெயில் எழுதினார். நான்காம் நாள் மரம் இல்லை.

செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், ஒரு வண்டிக்கோசரம் மரத்தையே சாச்சிட்டீங்க? வெயில்ல நாங்க எங்க போயி நிக்கறது?" தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஆபீஸில் வந்து சாரிடம் சொன்னேன். "இப்போ வண்டி நிக்காம போகுதுல்ல?" என்றார். போனது, உண்மைதான்.

அவருக்கு ஆபீஸ் மெஷின் டீ ஆகாது. சரியாக நாலு மணிக்கு எழுந்திருப்பார். கடை கிளாஸ் மேலும் நம்பிக்கை கிடையாது என்பதால், தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு படி இறங்குவார். டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். அது வேளச்சேரி ரோடு, நாலு மணிக்கு அதில் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன் எதற்கும் பஞ்சமில்லை.

நம் ஊரில் ரோட்டை எப்படிக் கடப்போம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைக் காட்டுவோம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை வண்டியைப் பார்த்து, விரல்கள் லேசாக விரிந்து. இரண்டு அடி வைப்போம், நிற்போம். டிரைவர் முகத்தைப் பார்ப்போம். வேகம் குறைந்தது தெரிந்ததும் மறுபடி இரண்டு அடி. நடுவில் நிற்கிறோமே, அதற்கு 'நீ போ' என்று அர்த்தம் இல்லை. 'நான் வரேன், நீ நில்லு' என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அஸ்தினாபுரத்தில் என் பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தை, அம்மா இடுப்பில் இருந்துகொண்டே ஸ்கூட்டருக்குக் கையைக் காட்டுகிறது.

எங்கள் பொம்மைகளுக்கு இது தெரியாது. வெளிநாட்டில் யாரோ செய்த மென்பொருளோடு வந்த பொம்மைகள் அவை. ஒழுங்கானவை. நடந்தால் நடக்கும், நின்றால் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும். கை இரண்டும் பக்கவாட்டில் ஆடும், அவ்வளவுதான். லட்சக்கணக்கான முறை இந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் வண்டி ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தது: ஆள் நின்றுவிட்டால் நாம் கிளம்பலாம்.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே ஆபீஸ் ஜன்னலில் போனை நிறுத்தி, ஒரு வாரம் கீழே ரோட்டைக் கடக்கிறவர்களை வீடியோ எடுத்தேன். பிறகு அவரிடம் போனேன்.

"எத்தனை பேர் கை காட்டுறாங்க?"

"கிட்டத்தட்ட எல்லாரும் சார்."

"சிம்ல ஒருத்தராவது காட்டுறாங்களா?"

"அந்தப் பொம்மைக்குக் கை காட்டத் தெரியாது சார். அதைத்தானே சொல்றேன். கையைக் காட்டிட்டு நிக்கிறவங்களை, நமக்கு வழிவிடறாங்கன்னு வண்டி நினைச்சுக்கும். கிளம்பிடும்."

"அப்போ சிம்ல வராது."

"வராது சார், ஆனா…"

"மூடிடும்மா அதை" என்றார். நான் சிஸ்டத்தில் பதிந்திருந்த புகாரை அவரே திறந்து, 'சிம்மில் நிகழவில்லை' என்று ஒரு வரி அடித்து மூடினார். மணி பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். கீழே அவர் நடைபாதையிலிருந்து இறங்கினார். வலது கையில் டம்ளர். இடது கையைக் காட்டினார். இரண்டு அடி வைத்தார், நின்றார். ஒரு தண்ணி லாரி வேகம் குறைந்தது. மறுபடி இரண்டு அடி. ஜன்னலில் இன்னும் எடுக்காமல் வைத்திருந்த போன் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா. ஒப்பந்த வேலை. துவைத்த போர்வைகளை மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டுக்கும் சலவைக்கூடத்துக்கும் நாளெல்லாம் நடப்பார். எங்கள் வண்டி வந்தால் தன் மூட்டைகளுக்கு ஓய்வு என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சோதனை ஓட்டங்களில் வண்டி எதிரே வந்தால், "இன்னா மச்சான், கண்ணு தெரியுதா?" என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரிப்போம். வண்டிக்கு மச்சான் என்றே பெயர் விழுந்துவிட்டது.

வளாகத்து நிர்வாகி ஒரு வயதான டாக்டரம்மா. மேடம் என்போம். அவர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டிய நாள் வந்தது. வண்டியை நிறுத்தும் அவசர பட்டன் என் கையில். காலையிலேயே சார் சொல்லிவிட்டார்: "பட்டனை அமுக்கினா அது தோல்வின்னு பதிவாகும். வண்டியே பாத்துக்கும். நீ கை வைக்காத." சொல்லிவிட்டுப் பார்வையாளர் அறைக்குள் போய், மேடத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

துணி ஏற்றிய வண்டி திருப்பத்தில் வந்தது, மரம் இருந்த இடத்தில். எதிரே அக்கா, இடுப்பில் மூட்டையோடு. இடது கையைக் காட்டினார். வண்டி நின்றது. அக்காவும் நின்று, நம்ம மச்சானாச்சே என்று அதைப் பார்த்தார். ஆள் நின்றுவிட்டது, கிளம்பலாம் என்று வண்டி முடிவு செய்தது. வண்டி நின்றுவிட்டது, போகலாம் என்று அக்கா முடிவு செய்தார். இரண்டும் ஒரே நேரத்தில்.

என் கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. 'கை வைக்காத' என்றது காதுக்குள் கேட்டது. அரை நொடி இருக்கும், நான் யோசித்தது. பிறகு அமுக்கினேன். அந்த அரை நொடியைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். வண்டி மெதுவாகத்தான் வந்தது, ஆனால் பாரம் ஏற்றிய வண்டி. அக்கா விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

உள்ளேயிருந்து சார் எனக்குப் போன் செய்தார். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தேன். "வண்டி ஓடுன பதிவு, லாக் எல்லாத்தையும் எடுத்து பத்திரமா வை, அழிஞ்சிடப்போகுது" என்றார். அவங்களுக்கு என்ன ஆச்சு என்று அந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த நாளே அறிக்கை தயாரானது. அதில் ஒரு வரி: 'பாதசாரி வண்டிக்கு வழிவிட்டு நின்ற பின், எதிர்பாராத விதமாகக் குறுக்கே வந்தார்.' அதாவது தப்பு அக்கா மேல். மனிதர்கள் என் பொறுப்பு என்பதால் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை அப்படியே சிம்மில் ஓட்டிக் காட்டினார். அதே திருப்பம், அதே பாரம். பொம்மை வந்தது, நின்றது. வண்டி கிளம்பியது. வண்டி போகும்வரை பொம்மை அசையவே இல்லை. பிறகு அழகாகக் கடந்து போனது.

"பாத்தியா? பொம்மை ஒழுங்கா நிக்குது. அந்தம்மா நிக்கல."

எனக்கு அந்த டம்ளரை எடுத்து அவர் தலையில் போடலாம் போல இருந்தது.

அக்காவைப் பார்க்கப் போனேன். தாம்பரத்தில் ஒரே ஒரு அறை, காலில் மாவுக்கட்டு. "இன்னா கண்ணு, ஒப்பந்தக்காரரு போன் பண்ணாரு. ரிப்போட்டுல என் மேல தப்புன்னு வந்தா திரும்ப வேலைக்கு எட்த்துக்க மாட்டாங்களாம். நெசமா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் கைய காட்னேன் கண்ணு. நீ பாத்தியில்ல? மச்சானும் நின்னுச்சி. அப்பாலதான் காலை வெச்சேன். கைய காட்டாம நான் எறங்கவே மாட்டேன், எங்கம்மா மேல சத்தியமா." அழுதுவிட்டார். வலியால் இல்லை. பதினாறு வருடம் பார்த்த வேலை போய்விடும் என்ற பயத்தால்.

புதன்கிழமை மேடத்தின் அறையில் கூட்டம். சார் வழக்கம்போல டம்ளரை எதிரே வைத்துக்கொண்டு, சிம்மை ஓட்டிக் காட்டினார். பொம்மை நின்றது, வண்டி போனது. மேடம் என்னைப் பார்த்து, "நீ ஏன் கையெழுத்துப் போடலை?" என்று கேட்டார். லேப்டாப்பைத் திருப்பி, என்னிடம் இருந்த வீடியோக்களில் ஒன்றைப் போட்டேன்.

மூன்றாவது மாடியிலிருந்து எடுத்தது, முகம் தெரியாது. வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு தலை, பச்சைக் கட்டம் போட்ட சட்டை. இறங்குகிறார், கையைக் காட்டுகிறார், நடு ரோட்டில் நிற்கிறார், லாரி வேகம் குறைகிறது, கடக்கிறார். மொத்தம் பதினொரு நொடி.

சார் முன்னால் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே உலகம் எப்படி இருக்கிறது என்று அவர் உற்றுப் பார்த்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"யாரு இந்த ஆளு?" என்றார். "நடு ரோட்ல நின்னுக்கிட்டுக் கையைக் காட்டறான்? இவனை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் வண்டி எப்படிம்மா ப்ரோகிராம் பண்ண முடியும்?"

எங்கள் ஆட்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்கும் அந்தச் சட்டை தெரியும், அந்த நடை தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சொல்லியிருக்க வேண்டும், அதற்குத்தானே கொண்டுபோனேன்? பயம். வேலை பயம். மேடம்தான் வீடியோவைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பாதியில் நிறுத்தச் சொன்னார். திரையில் அந்த ஆளின் வலது கையைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"உங்க டம்ளர்தானே சார் அது?"

அவர் டம்ளரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வெட்கப்படுவார், மன்னிப்புக் கேட்பார் என்று நான் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அன்னைக்கு லாரி நின்னுச்சுல்ல?" என்றார்.

மேடம் பேனாவை எடுத்து அறிக்கையில் இருந்த அந்த வரியை அடித்தார். 'பாதசாரி கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடந்தார். வண்டிக்கு அது புரியவில்லை' என்று தன் கையாலேயே எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வண்டியை மூட்டை கட்டி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். படியிறங்கும்போது சார் என்னிடம், "அந்த வீடியோவை அழிச்சிடு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான், நான் அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டேன். அவர் வேறு கம்பெனிக்குப் போனார், இன்னும் பெரிய வேலைக்கு. அங்கிருந்துதான் இப்போது ஓய்வு பெறுகிறார்.

அக்காவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு நிம்மதி. போன மாதம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். லேசாக விந்தி நடக்கிறார். சலவைக்கூடத்துத் திருப்பத்தில் இறங்காமல் ஓரமாக நின்றார். ஒரு கார் போனது, இரண்டு பைக் போனது. தூரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்தச் சைக்கிளும் போகட்டும் என்று நின்றார். மூட்டை இல்லாத கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, கையைக் காட்டிட்டு வர வேண்டியதுதானே?" என்றேன், அவர் பேச்சிலேயே.

"அய்யே, வேணாம் கண்ணு" என்று சிரித்தார். "கைய காட்னா நின்னுடும்னு நம்புனேன் பாரு, அதான் என் தப்பு."

மேடம் அடித்துப்போட்ட வரி அக்கா மனசில் போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பொம்மை எப்படி நின்றதோ அப்படி நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார் அக்கா. இதற்குத்தான் அந்த மனுஷனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழுவில் மறுபடி கேட்டிருக்கிறார்கள், சாருடைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று. என்னிடம் ஒன்று இருக்கிறது. படமில்லை, வீடியோ, பதினொரு நொடி. அழிக்கவில்லை. இதை எழுதி முடித்ததும் போடப்போகிறேன். அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார். இந்தத் தடவையும் 'யாரு இந்த ஆளு?' என்று கேட்பார். மேடம் இல்லை சொல்வதற்கு. 'நீங்கதான் சார்' என்று நானே சொல்வேன்.